கண்ணாடி காட்டாத அசைவு

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொள்ளுங்கள். அதில் தெரியும் உங்கள் இடது கண்ணை உற்றுப் பாருங்கள். இப்போது வலது கண்ணை. மறுபடி இடது, மறுபடி வலது. தலை அசையக் கூடாது. பார்வை மட்டும் மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு கருவிழிகளும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போயாக வேண்டும். போனதைப் பார்த்தீர்களா?

பார்த்திருக்க மாட்டீர்கள். கண்ணாடியில் இருப்பவர் எப்போதும் அசையாத கண்களோடு உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நிற்கும் குழந்தையைக் கேட்டால், "நல்லா உருளுதேப்பா" என்று சொல்லும். ஜெர்மனியின் ஹாலே நகரில் வாசிப்பைப் பற்றி ஆராய்ந்த எர்ட்மானும் டாட்ஜும் 1898-லேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார்கள். ஊரில் எல்லோருடைய கண் அசைவதும் நமக்குத் தெரிகிறது. நம்முடையது மட்டும் தெரிவதில்லை.

இதற்கு விடை சொல்லக் கொஞ்ச தூரம் சுற்றி வர வேண்டும். கண் எதற்காக அசைகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த நகத்தளவு இடத்தைத்தான் ஒரு நேரத்தில் நம்மால் கூர்மையாகப் பார்க்க முடியும். விழித்திரையின் நடுவில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. அதை ஃபோவியா என்பார்கள், தமிழில் மையக்குழி. நுணுக்கம் காணும் கூம்பு செல்கள் அந்தக் குழியில்தான் நெருக்கியடித்து நிற்கின்றன. அதை விட்டு விலக விலகப் பார்வை மங்கிக்கொண்டே போகும். இந்த வரியில் ஒரு சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டு, நாலு சொல் தள்ளி என்ன இருக்கிறது என்று கண்ணை நகர்த்தாமல் படித்துப் பாருங்கள். எழுத்து இருப்பது தெரியும். என்ன எழுத்து என்று தெரியாது.

கரண்ட் போன வீட்டில் டார்ச் அடித்துச் சாமான் தேடுவது போன்ற நிலைமைதான் இது. ஆனாலும் அறை முழுவதும் ஒரே தெளிவோடு தெரிவதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். டார்ச் வெளிச்சம் அவ்வளவு வேகமாக இடம் மாறுவதுதான் காரணம். விழித்திருக்கும்போது கண் விநாடிக்குச் சுமார் 3 முறை தாவுகிறது. பதினாறு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். இதயம் ஒரு நாளில் துடிப்பதே ஒரு லட்சம் முறைதான்.

கண் தாவுகிறது என்பதுகூடப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை சரியாகத் தெரியாது. படிக்கும்போது பார்வை வரியின் மேல் வண்டிபோல் ஓடுவதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். 1870-களின் இறுதியில் பாரிஸில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் அது ஓடவில்லை, தாவித் தாவி நிற்கிறது என்று கண்டார்கள். அந்தத் தாவலுக்கு ‘சக்காட்’ என்ற பிரெஞ்சுச் சொல் நிலைத்துவிட்டது. குதிரையின் கடிவாளத்தைச் சுண்டி இழுப்பதைக் குறிக்கும் சொல் அது. நாம் தாவல் என்றே சொல்லலாம். மனிதர் எப்படிப் படிக்கிறார் என்று ஆராய்ந்த ஜவால், பிற்காலத்தில் கண் நீர் அழுத்த நோயால் பார்வையை முழுதும் இழந்தார். 1903-ல் பார்வையற்றோருக்காக ஒரு புத்தகமும் எழுதினார்.

தாவலை அளந்து காட்டியவர் அமெரிக்காவின் எட்மண்ட் ஹியூயி. கண்ணை மரத்துப்போகச் செய்து, விழியின் மேல் பாரிஸ் சாந்தால் ஆன ஒரு சிறு கிண்ணத்தைப் பொருத்தினார். பார்ப்பதற்கு நடுவில் ஓட்டை. கிண்ணத்தோடு ஒரு மெல்லிய அலுமினிய ஊசி இணைந்திருக்கும். கண் அசைந்தால் ஊசி புகை படிந்த உருளையில் கோடு கிழிக்கும். கோடு படிக்கட்டுபோல் வந்தது. படி மிதிக்கும் இடத்தில் கண் கால் விநாடி நிற்கிறது, அடுத்த படிக்கு ஒரே தாவலாகப் போகிறது. அந்தச் சோதனைக்குக் கண்ணைக் கொடுத்தவர்களின் பொறுமையை நினைத்தால் எனக்குக் கண் கூசுகிறது.

இனி இயந்திரத்தைத் திறந்து பார்க்கலாம்.

ஒவ்வொரு கண்ணுக்கும் ஆறு தசைகள். நான்கு நேர்த்தசைகள்: மேல், கீழ், மூக்குப் பக்கம், காதுப் பக்கம். பட்டத்துக்குச் சூத்திரக்கயிறு கட்டியதுபோல் இவை கண்ணின் நான்கு புறமும் ஒட்டிக்கொண்டு பின்னால் போகின்றன. மீதி இரண்டும் சாய்தசைகள். இவற்றில் மேல் சாய்தசைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கண்குழியின் ஆழத்திலிருந்து புறப்பட்டு முன்னால் வந்து, மூக்கை ஒட்டிய மேல்மூலையில் இருக்கும் ஒரு குருத்தெலும்பு வளையத்துக்குள் நுழைந்து, திரும்பிப் பின்னோக்கி வந்து கண்ணின் உச்சியில் ஒட்டுகிறது. கிணற்றுக் கப்பியேதான். கிணற்றில் கயிற்றைக் கீழே இழுத்தால் வாளி மேலே வருகிறது இல்லையா? இங்கே தசை ஒட்டியிருப்பது கண்ணின் மேல்புறம். அது சுருங்கினால் கண் கீழே பார்க்கிறது. உடற்கூறு படித்தவர்கள் இதற்கு வைத்த லத்தீன் பெயருக்கும் கப்பி என்றுதான் பொருள்.

இந்த ஆறு தசைகளையும் ஆள்வது மூன்று நரம்புகள். மூளையிலிருந்து நேரடியாக, முதுகுத்தண்டுக்குள் இறங்காமல், பெரும்பாலும் தலைக்கும் கழுத்துக்கும் கிளம்பும் நரம்புகளைக் கபால நரம்புகள் என்கிறோம். கிரேக்க மருத்துவர் காலென் ஏழு ஜோடி என்று எண்ணினார். 1778-ல் ஜெர்மனியின் சோமரிங் பன்னிரண்டு ஜோடி என்று முன்னிருந்து பின்னாக வரிசை போட்டார். இன்றைக்கும் அந்த எண்கள்தான். இரண்டாவது நரம்பு பார்வையை எடுத்துச் செல்கிறது. மூன்றும் நான்கும் ஆறும் கண்ணை அசைக்கின்றன. நடுவில் ஐந்தாவது, முகத்தின் தொடு உணர்ச்சியைப் பார்த்துக்கொள்கிறது.

வேலைப் பங்கீடு நியாயமாக இல்லை. நான்காவது நரம்புக்கு அந்தக் கப்பித் தசை ஒன்றுதான். ஆறாவதுக்குக் காதுப் பக்கத் தசை ஒன்றுதான். மீதி நான்கு தசைகள், போதாததற்கு மேல் இமையைத் தூக்கும் தசை, கண்மணியைச் சுருக்கும் வேலை, எல்லாம் மூன்றாவதின் தலையில்.

நோயாளி வரும்போதுதான் இந்தப் பங்கீட்டுக்கு அர்த்தம் புரியும். "தலையை ஆட்டாம என் விரலை மட்டும் பாருங்க" என்று மருத்துவர் விரலை இப்படியும் அப்படியும் மேலும் கீழும் கொண்டுபோகிறாரே, ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு தசையையும் அதன் நரம்பையும் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்.

நான்காவது நரம்பு பன்னிரண்டிலும் மெல்லியது. மூளைத்தண்டின் முதுகுப் பக்கமாக வெளிவரும் கபால நரம்பு இது ஒன்றுதான். மறுபக்கத்துக்குக் கடந்துபோய், தண்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் வருகிறது. மண்டைக்குள் இவ்வளவு நீளமாக நடக்கும் நரம்பு வேறு இல்லை. அதனால் பைக்கிலிருந்து விழுந்து தலை அடிபட்டால் இது எளிதில் மாட்டிக்கொள்ளும். அடிபட்டவர் நேராகப் பார்ப்பார், நடப்பார். மாடிப்படி இறங்கும்போது படி இரண்டாகத் தெரியும். படிக்கட்டும் புத்தகமும் கீழ்ப்பார்வைக்கு உரியவை. அது கப்பியின் வேலை. இரட்டை உருவத்தைச் சேர்க்க அவர் தன்னை அறியாமல் தலையை மறுபக்கம் சாய்த்துக்கொள்வார். பிறவியிலேயே இந்தக் குறை உள்ளவர்களுக்குச் சாய்வு பழகிப்போய்விடும். நடுவயதில் திடீரென்று இரட்டைப் பார்வை என்று வருபவரிடம் கண் மருத்துவர் பழைய ஆல்பத்தைக் கொண்டுவரச் சொல்வார். பள்ளிக்கூட குரூப் போட்டோவிலும் கல்யாண போட்டோவிலும் தலை ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், நோய் புதிது இல்லை என்று தெரிந்துவிடும்.

ஆறாவது நரம்பு கபாலத்தின் தரையை ஒட்டி மேலேறி, ஓர் எலும்பு முனையில் வளைந்து முன்னே போகிறது. மண்டைக்குள் எங்கே கட்டி வந்தாலும், அழுத்தம் கூடும்போது இந்த நரம்பு இழுபடும். கண் மூக்குப் பக்கம் ஒதுங்கிவிடும். கட்டி ஓரிடம், அறிகுறி வேறிடம். ஸ்கேன் இல்லாத காலத்தில் மருத்துவர்களைப் பொய் முகவரிக்கு அனுப்பி வைத்த நரம்பு இது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைக்கண் பார்வைக்காக நம் கவிகள் எவ்வளவோ பாடியிருக்கிறார்கள். அந்தப் பார்வையை எறிவது ஆறாவது நரம்பு. அதற்கு ஒரு வெண்பாகூட யாரும் பாடியதாகத் தெரியவில்லை.

மூன்றாவது நரம்பு செயலிழந்தால் இமை விழுந்துவிடும். இமையைத் தூக்கிப் பார்த்தால் கண் வெளிப்பக்கமாகவும் கொஞ்சம் கீழாகவும் திரும்பியிருக்கும். காரணம் எளிது: வேலைநிறுத்தத்தில் சேராத தசைகள் இரண்டே இரண்டு. ஆறாவதின் தசை வெளியே இழுக்கிறது, நான்காவதின் கப்பி கீழே இழுக்கிறது. நம் ஊர்களில் சர்க்கரை நோயாளிகளிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். காலையில் எழுந்தால் ஒரு இமை மூடியிருக்கும். பக்கவாதம் என்று வீடே பதறும். மருத்துவர் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது கண்மணியை. கண்மணியைச் சுருக்கும் இழைகள் இந்த நரம்பின் மேல்பரப்பில் ஓடுகின்றன. சர்க்கரை நோய் நரம்பின் உள்ளே இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கிறது. நடுப்பகுதி பட்டினி கிடக்கிறது, மேலே ஓடும் இழைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆகவே கண்மணி சரியாகச் சுருங்கும். நரம்பும் சில மாதங்களில் மீண்டுவிடும். பக்கத்தில் ஓடும் ரத்தநாளம் புடைத்து வெளியிலிருந்து நரம்பை நெருக்கினால் கதை வேறு. அங்கே முதல் அடி மேல் இழைகளுக்குத்தான். கண்மணி விரிந்து நின்றுவிடும். அந்தப் புடைப்பு எந்த நேரமும் வெடிக்கலாம். விதிவிலக்குகள் உண்டு என்பதால் எந்த வகையானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஒரு டார்ச் விளக்கு இவ்வளவு சொல்கிறது என்பதற்காகத்தான் இதை விரித்தேன்.

இதுவரை ஒரு கண். ஆனால் கண் ஒருபோதும் தனியாக அசைவதில்லை. வலது பக்கம் பார்க்க வேண்டுமானால் வலது கண்ணின் காதுப் பக்கத் தசையும் இடது கண்ணின் மூக்குப் பக்கத் தசையும் ஒரே நொடியில் ஒரே அளவு இழுக்க வேண்டும். ஒன்று ஆறாவது நரம்பு, மற்றது மூன்றாவது. 1868-ல் ஏவால்ட் ஹெரிங், இரண்டு கண்ணுக்கும் மூளை ஒரே கட்டளையைத்தான் அனுப்புகிறது, ஒரு வண்டியில் பூட்டிய இரண்டு குதிரைகளை ஒரே கடிவாளத்தால் ஓட்டுவதுபோல என்றார். நாம் நுகத்தடியில் பூட்டிய மாடுகள் என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி ஜோடி சேரும் தசைகளுக்கு மருத்துவத்தில் நுகத் தசைகள் என்றே பெயர்.

அந்த நுகத்தடி மூளைத்தண்டில் கண்ணுக்குத் தெரியும் ஓர் இழைக்கட்டாகவே இருக்கிறது. ஆறாவது நரம்பு கிளம்பும் இடத்தில் இரண்டு வகை நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒரு வகை தன் தசைக்கு நேராகப் போகிறது. மற்றது நடுக்கோட்டைத் தாண்டி, மறுபக்கமாக மேலேறி, மூன்றாவது நரம்பின் இருப்பிடத்துக்குச் சேதி சொல்கிறது. இந்த இழைக்கட்டு அறுந்தால் என்ன ஆகும்? வலப்பக்க இழை அறுந்தவரை இடது பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். இடது கண் போகும். வலது கண் நடுவிலேயே நின்றுவிடும். தசை கெட்டதா, மூன்றாவது நரம்பு கெட்டதா, நடுவே இருக்கும் கம்பி அறுந்ததா? மூக்கு நுனிக்கு அருகே ஒரு பென்சிலைக் காட்டுங்கள். அந்தக் கண் பெரும்பாலும் உள்ளே வந்து பென்சிலைப் பார்க்கும். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்களைக் குவிக்கும் கட்டளை வேறு வழியாக வருகிறது. ஆக, தசையும் நரம்பும் நலம், கம்பிதான் பழுது. இளம் வயதில் இது வந்தால் நரம்பு உறை சிதையும் நோயையும், முதுமையில் வந்தால் மூளைத்தண்டில் அடைப்பையும் முதலில் சந்தேகிப்பார்கள்.

கட்டளை எந்த வடிவத்தில் வருகிறது என்பது 1960-களில்தான் தெளிவானது. தெளிவாக்கியவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் ராபின்சன். மின்பொறியியல் படித்துவிட்டு மூளைக்கு வந்தவர். கண்ணின் மேல் மெல்லிய கம்பிச் சுருளைப் பொருத்தி, காந்தப் புலத்துக்குள் உட்காரவைத்து, அசைவைத் துல்லியமாக அளக்கும் முறையை 1963-ல் கொண்டுவந்தார். ஹியூயியின் சாந்துக் கிண்ணத்தின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

அவர் கேட்டது ஒரு பொறியாளரின் கேள்வி: இந்த உருண்டையை நகர்த்த எவ்வளவு விசை வேண்டும்? நல்ல கெட்டியான இட்லி மாவுப் பாத்திரத்தில் ஒரு கரண்டியை நட்டு, அதை ரப்பர் பேண்டால் பாத்திரத்தின் நடுவோடு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கரண்டியை ஓரத்துக்கு மெதுவாகத் தள்ளினால் மாவு வழிவிட்டு வழிவிட்டு நேரம் எடுக்கும். சட்டென்று போக ஒரு பலமான வெட்டு இழுப்பு வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு விட்டுவிட்டால் ரப்பர் திரும்ப நடுவுக்கு இழுத்துவிடும். அங்கேயே நிறுத்த ஓர் அளவான பிடி தொடர்ந்து வேண்டும். கண்ணைச் சுற்றியுள்ள திசுக்கள் மாவும் ரப்பரும் சேர்ந்தவை. ஆகவே கட்டளையிலும் இரண்டு பாகம் இருந்தாக வேண்டும்: முதலில் வெட்டு, பிறகு பிடி. 1970-ல் விழித்திருக்கும் குரங்குகளில் கண் நரம்பணுக்களின் மின்துடிப்பைக் கேட்டபோது அப்படியேதான் இருந்தது. தாவலின்போது விநாடிக்குப் பல நூறு துடிப்புகள் படபடவென்று. தாவி முடிந்ததும் சீரான தாளம். கண் எவ்வளவு ஓரத்தில் நிற்கிறதோ அவ்வளவு வேகமான தாளம்.

வெட்டை உண்டாக்கும் அணுக்கள் பக்கவாட்டு அசைவுக்கு மூளைத்தண்டின் நடுவிலும், மேல்கீழ் அசைவுக்கு அதற்கு மேலே நடுமூளையிலும் இருக்கின்றன. இரண்டையும் அடக்கி வைக்க ஒரு காவல்காரர் கூட்டம் உண்டு. லெவல் கிராசிங் கேட்டை மூடிவைப்பதுபோல் இந்த அணுக்கள் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். தாவல் நேரத்தில் மட்டும் மௌனமாகும். கேட் திறக்கும், கண் பாயும், கேட் மூடும். அதற்குள், தாவல் பெரிதாக இருந்தால், கண் விநாடிக்கு 500 பாகைக்கும் மேற்பட்ட வேகத்தைத் தொட்டிருக்கும். எங்கே பாய வேண்டும் என்ற முடிவு நெற்றிப் பக்க மூளையிலும் நடுமூளையின் கூரையிலும் நடக்கிறது. கூரையில் வெளியுலகின் வரைபடம் போலவே ஒரு பரப்பு இருக்கிறது. 1972-ல் ராபின்சன் அதில் ஒவ்வொரு புள்ளியாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குறிப்பிட்ட தாவல் வந்தது.

பிடிதான் நுட்பமானது. தாவல் முடிந்துபோன பிறகும், இவ்வளவு இழுத்தேன் என்ற நினைவு எங்கேயோ இருந்தால்தான் பிடி நிற்கும். மூளைத்தண்டில் ஒரு சிறு வலைப்பின்னல், சிறுமூளையின் உதவியோடு, இந்தக் கணக்கை வைத்திருக்கிறது. மது இதைக் குழப்பும். ஓரத்துக்குப் போன கண் அங்கே நிற்க முடியாமல் நடுவை நோக்கி நழுவும், வெட்டு இழுத்துத் திரும்ப ஓரத்துக்குக் கொண்டுபோகும், மறுபடி நழுவும். இந்தத் துள்ளலுக்கு விழியாட்டம் என்று பெயர். அமெரிக்கப் போலீசார் வண்டியை நிறுத்தி, பேனாவை ஓரத்துக்குக் கொண்டுபோய் "இதையே பார்" என்று சொல்வது இதற்காகத்தான். வாய் மணக்கிறதா என்பதைவிட நாகரிகமான சோதனை.

இப்போது இன்னொரு புதிர். இந்தப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, இல்லை என்பதுபோல் தலையை வேகமாக ஆட்டியபடி படியுங்கள். படிக்க முடியும். அடுத்து தலையை நிறுத்திவிட்டு, அதே வேகத்தில் பக்கத்தை ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். விழித்திரையைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே ஆட்டம்தானே?

வித்தியாசம் காதில் இருக்கிறது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கும். அந்தச் சேதி எட்டாவது நரம்பு வழியே மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து நேராகக் கண் நரம்புகளுக்கு வருகிறது. நடுவில் மூன்றே மூன்று நரம்பணு. தலை வலப்பக்கம் திரும்பினால், ஏறக்குறைய 10 மில்லிவிநாடிக்குள் கண் அதே அளவு இடப்பக்கம் திரும்பிவிடும். பக்கத்தை ஆட்டும்போது காதுக்கு எதுவும் தெரியாது. பார்வையை நம்பித்தான் கண் துரத்த வேண்டும். பார்வைக்கு அதைப்போல் பத்து மடங்கு நேரம் பிடிக்கிறது.

இந்த எதிர்த்திருப்பம் இல்லாவிட்டால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று 1952-ல் ஒரு மருத்துவர் தன் பெயரைச் சொல்லாமல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். மூட்டுக் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டவர். மருந்து இரண்டு காதின் சமநிலை உறுப்புகளையும் அழித்துவிட்டது. நடக்கும்போது எதிரே வருபவரின் முகம் தெரியாது, நின்றால்தான் தெரியும். படுக்கையில் படிக்கக்கூட முடியவில்லை. நாடித்துடிப்பில் தலை ஆடுகிற ஆட்டம் போதும், எழுத்துகள் குதித்தன. கட்டிலின் இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு படித்தார். நம் எல்லோருடைய தலையும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. நமக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிற ஒன்று இருக்கிறது என்பதே, அது போனவர் சொன்ன பிறகுதான் புரிகிறது.

புதுக் கண்ணாடி போட்ட முதல் நாள் தரை மிதப்பதும் இந்தக் கணக்கால்தான். லென்ஸ் உருவத்தைச் சற்றுப் பெரிதாக்கினால், அதே தலைத்திருப்பத்துக்குக் கண் முன்பைவிட அதிகம் திரும்ப வேண்டியிருக்கிறது. சிறுமூளை இரண்டொரு நாளில் கணக்கைத் திருத்திவிடும். கண்ணாடிக் கடைக்காரர் "பழகிடும் சார்" என்று சொல்வது நரம்பியல் உண்மை.

காதுக்கும் கண்ணுக்கும் உள்ள இந்த உறவை மருத்துவச் சோதனையாக்கியவர் வியன்னாவின் ராபர்ட் பாரானி. காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது நோயாளிகள் தலை சுற்றுவதாகச் சொன்னார்கள். கண்ணில் விழியாட்டம் தெரிந்தது. தண்ணீர் குளிர்ந்திருந்ததால்தான் என்றார் ஒருவர். அடுத்து சூடான தண்ணீர் வந்தபோது ஆட்டம் எதிர்த்திசைக்கு மாறியது. அடுப்பில் வைத்த பானையில் சூடான நீர் மேலேறிக் குளிர்ந்தது இறங்குவதுபோல், குழாய்த் திரவமும் சுழல்கிறது என்று பாரானி விளக்கினார். 1914-க்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. ஸ்வீடன் இளவரசர் ஒருவர் தலையிட்ட பிறகே விடுதலை. விளக்கம் அதோடு முடியவில்லை. எடையில்லாத இடத்தில் சூடான திரவம் மேலேறாது. ஆகவே அங்கே இந்த ஆட்டம் வரக் கூடாது. 1983-ல் விண்வெளி ஓடத்தின் ஆய்வகத்தில் சோதித்தார்கள். வந்தது! சுழற்சி தவிர வெப்பத்துக்கு வேறு வழியும் இருக்கிறது என்று பாடநூல்களில் ஒரு வரி சேர்ந்தது.

மெதுவாக வழுக்கிச் செல்லும் அசைவு கண்ணுக்கு வராதா? வரும், துரத்த ஏதாவது இருந்தால். வெறும் சுவரில் பார்வையைச் சீராக இழுத்துப் பாருங்கள். தாவித் தாவித்தான் போகும். ஒரு பல்லி ஓடினால் போதும், வழுக்கிக்கொண்டு பின்தொடரும். ரயிலில் ஜன்னலோரம் எதிரே உட்கார்ந்து வெளியே பார்ப்பவரின் கண்ணைக் கவனியுங்கள். ஒரு கம்பத்தோடு மெல்லப் போகும், சட்டென்று முன்னால் தாவும், அடுத்த மரத்தோடு மெல்லப் போகும். அவருக்கு அது தெரியாது. தாவல் ஒன்றைத் தவிர, துரத்தல், எதிர்த்திருப்பம், பிடி என்று நாம் பார்த்த எல்லாமே ஒரே காரியத்துக்காக நடக்கின்றன: விழித்திரையில் விழுந்த உருவம் நகராமல் இருக்க. கண்ணை அசைக்கும் ஏற்பாட்டில் பெரும்பங்கு, உருவத்தை அசையாமல் நிறுத்தும் ஏற்பாடு.

முற்றிலும் நிறுத்திவிட்டாலும் ஆபத்து. 1952-ல் டிச்பர்ன், கின்ஸ்போர்க் இருவரும் கண்ணோடு ஒட்டிய சிறு ஆடியைக் கொண்டு, விழி எப்படி நடுங்கினாலும் உருவம் விழித்திரையின் ஒரே இடத்தில் விழும்படி செய்தார்கள். சில விநாடிகளில் உருவம் கரைந்து மறைந்துபோனது. உற்றுப் பார்க்கும்போதும் கண் மயிரிழையளவு நடுங்கிக்கொண்டிருப்பதால்தான் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் திரும்பலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணின் வெளி ஓரத்தை இமையின் மேலாக விரலால் மிக மெதுவாகத் தட்டுங்கள். அறை ஆடும். கண் தானாக அசையும்போது ஆடாத அறை, விரல் அசைத்தால் ஏன் ஆட வேண்டும்? ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பதிலை ஊகித்தார். மூளை தசைக்குக் கட்டளை அனுப்பும்போது பார்வைப் பகுதிக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுகிறது. அரசாங்கக் கடிதத்தின் அடியில் "நகல்" என்று போட்டு இன்னார் இன்னார் என்று எழுதியிருக்குமே, அதேதான். நகல் கிடைத்தவர், "உருவம் நகரப்போகிறது, நாமே நகர்த்துவதுதான்" என்று கழித்துக்கொள்கிறார். விரல் யாருக்கும் நகல் அனுப்புவதில்லை.

1950-ல் ஜெர்மனியின் ஃபான் ஹோல்ஸ்ட், மிட்டெல்ஸ்டெட் இருவரும் ஓர் ஈயின் தலையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினார்கள். கண்கள் இடம் மாறிவிட்டன. இருட்டில் அது ஒழுங்காக நடந்தது. வெளிச்சத்தில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. கழிக்க வேண்டியதைக் கூட்டிக்கொண்டிருந்தது பாவம். நகல் எந்த வழியாகப் போகிறது என்று காட்ட அரை நூற்றாண்டு ஆனது. 2002-ல் சோமரும் வுர்ட்ஸும் குரங்குகளில், நடுமூளைக் கூரையிலிருந்து தாலமஸ் வழியே நெற்றிப் பக்க மூளைக்குப் போகும் பாதையைத் தற்காலிகமாக மரத்துப்போகச் செய்தார்கள். ஒரு தாவல் சரியாக இருந்தது. அடுத்தடுத்து இரண்டு தாவல் என்றால் இரண்டாவது தவறியது: முதல் தாவல் தன்னை எங்கே கொண்டுவந்து விட்டது என்ற நகல் வந்து சேரவில்லை.

நகலோடு ஒரு தணிக்கையும் நடக்கிறது. தாவும் கணத்தில் மூளை பார்வையின் கூர்மையைக் குறைத்துவிடுகிறது. தாவலுக்கு முன்னும் பின்னும் வரும் தெளிவான காட்சிகள் நடுவில் இருக்கும் கலங்கலை அமுக்கிவிடுகின்றன. தாவல் ஒன்றுக்கு 30 மில்லிவிநாடி என்று வைத்தால், தினமும் ஒன்றரை மணி நேரம் போல இப்படி வெட்டி எறியப்படுகிறது. வெட்டிய இடத்தில் ஒட்டுப்போட்ட தடம்கூட இல்லை. சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கும்போது நொடிமுள் முதலில் கொஞ்சம் கூடுதலாக நிற்பதுபோல் தோன்றுமே, அந்த ஒட்டு லேசாகப் பிதுங்கும் இடம் அதுதான். கண் கடிகாரத்தை அடைந்த பிறகு கண்ட காட்சியை, கிளம்பிய நேரத்திலிருந்தே கண்டதாக மூளை முன்தேதியிட்டுப் பதிவு செய்துகொள்கிறது.

கண்ணாடியில் உங்கள் கண்ணின் அசைவு நிகழ்வது சரியாக அந்த வெட்டப்பட்ட நேரத்தில்தான். அசைவு தொடங்கும்போது தணிக்கை தொடங்குகிறது. தணிக்கை முடிகிறபோது கண் போய்ச் சேர்ந்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் குழந்தை பார்ப்பதும் அதே அசைவுதான். குழந்தையின் கண் அப்போது தாவவில்லை, அவ்வளவே.

நம்பிக்கை வரவில்லையென்றால் கண்ணாடியை விட்டுவிட்டு செல்போனை எடுங்கள். செல்ஃபி கேமராவைத் திறந்து, முகத்துக்கு அருகே பிடித்து, திரையில் தெரியும் உங்கள் கண்களை முன்போலவே மாற்றி மாற்றிப் பாருங்கள். கேமரா படம் பிடித்துத் திரையில் போடுவதற்குக் கண்ணாடியைவிடக் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்துக்குள் உங்கள் தாவல் முடிந்து, தணிக்கையும் விலகியிருக்கும். திரையில் இருப்பவரின் கண் அப்போதுதான் உருண்டுகொண்டிருக்கும்.